நான் மாறச் சொன்ன பிசிக்ஸ் வகுப்பு

இன்று பின்ச் வீதிப் பஸ்ஸில் பக்கத்து வீட்டு அபிராவைக் கண்டேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு.

செப்டம்பரில் என்னிடம் முறையிட்டிருந்தாள்: "அக்கா, பிசிக்ஸ் புரொபசர் படிப்பிக்கிறேல்லை. எங்களைக் குறூப்பா இருத்திக் கணக்குச் செய்ய விடுறார்."

நான்தான் சொன்னேன், "ஒழுங்கா லெக்சர் குடுக்கிற ஆளின்ர வகுப்புக்கு மாறு."

மாறினாள். இன்று சோதினை எப்படி என்று கேட்டேன்.

"பெயில், அக்கா. புது புரொபசர் வடிவாச் சொல்லித் தருவார். எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருந்தது. சோதினையில பேனை ஓடேல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

"அந்தக் குறூப்பில இருந்த பிள்ளையள்?"

"எல்லாரும் பாஸ்."

இறங்கும்வரை அவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நானும் லெக்சர் கேட்டே பட்டம் எடுத்தவள். ஒரு சமன்பாடுகூட இன்று நினைவில்லை. ஆனாலும் புத்தி சொல்ல வாய் வந்தது.

எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குப் புத்தி சொல்ல என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள்.