ஞானப்பல்லைக் காப்பாற்றிய டாக்டர் மல்லிகா

டாக்டர் மல்லிகா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பல்லை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

எருமப்பட்டியில் ஒரே கிளினிக்கில் நாங்கள் இருவரும் பல் மருத்துவர்களாக இருந்தோம். அவரிடம் வாய் திறந்த உங்கள் எல்லோருக்கும் அந்தப் பாடம் நினைவிருக்கும்: "முன்னாடி வெட்டுப்பல்லு, கடிச்சு வெட்டறதுக்கு. பக்கத்துல கூரா இருக்கற கோரைப்பல்லு, கிழிக்கறதுக்கு. அதுக்கடுத்தது நசுக்கறதுக்கு, கடவாய்ப்பல்லு அரைக்கறதுக்கு. ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தலைல கட்டாதீங்க சாமி."

லாரி ஓட்டுநர் ரங்கசாமி அதைத்தான் செய்திருந்தார். வடக்கே லோடு போகும்போது பல் வலித்தால் போகிற ஊரிலேயே பிடுங்கிக்கொள்வார். "நாக்பூர்ல ஒண்ணு, இந்தூர்ல ஒண்ணுங்க. வலின்னு ஒக்காந்தா லோடு எறங்குங்களா?" சிரித்தால் தெரியாத பற்கள்தானே என்று நினைத்துவிட்டார். கீழே அரைக்கும் பற்கள் அநேகமாகக் காலி. முன்பற்களாலேயே மென்றதில் அவையும் ஆட ஆரம்பித்தன. குலதெய்வம் கோயில் கிடாவெட்டில் பங்காளிகள் கறியை வெளுத்துக்கட்ட, இவர் குழம்பில் கரைத்த சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தாராம். "எல்லாத்தையும் புடுங்கிப்போடுங்கம்மா" என்று எங்களிடம் வந்தார்.

கீழ்வரிசையில் அரைப்பதற்கு இரு கோடியிலும் ஞானப்பல் மட்டும் மிச்சம். எதற்கும் உதவாதென்று பலரும் பிடுங்கச் சொல்லும் பல். மல்லிகா அதைத் தட்டிப் பார்த்தார். "இவன் கல்லு மாதிரி நிக்கறான். இவனப் புடுங்கறதுக்கு நான் படிக்கலீங்க" என்றார். ஆடிய முன்பற்களின் ஈறுக்கு மருத்துவம் பார்த்து நிலைநிறுத்தினார். ஞானப்பற்களில் கொக்கி மாட்டி, இடைவெளிக்குப் பல்செட் கட்டினார். அளவு சரியில்லையென்று முதல் செட்டை அவரே தூக்கியெறிந்தார்.

அடுத்த கிடாவெட்டுக்கு ரங்கசாமி எங்களையும் அழைத்தார். கறித்துண்டைக் கோரைப்பல்லில் பிய்த்து, கடைவாய்க்குத் தள்ளி, கண்ணை மூடி அரைத்தார். பந்தி முழுக்க அவர் வாயையே பார்த்தது. விழுங்கிவிட்டு, "இன்னொரு கரண்டி போடுங்க!" என்று கத்தினார். மல்லிகா எச்சில் கையோடு எழுந்து கைதட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்ட சாப்பாடு வேறில்லை.

மல்லிகாவின் பதினாறாம் நாள் காரியத்தில் ரங்கசாமி என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தார். கண்ணீர் வழிய, பொரியலை நிதானமாக மென்றார். "மெல்லாம முழுங்குனா டாக்டரம்மா வைவாங்க" என்றார்.

மல்லிகாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தை மட்டும்தான். நேற்று இன்னொரு லாரி ஓட்டுநர் வந்து, ஞானப்பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னார். பல்லைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

"இவனப் புடுங்கறதுக்கு நான் படிக்கலீங்க" என்றேன்.