விழுந்து கும்பிட ஒரு துப்பாக்கி உறை

போன வாரம் டெக்சாஸில் என் தம்பி செந்தில், தன் வீட்டு கராஜில் இருக்கும் இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டான். எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மறுபடியும் விழுந்தான்.

"அக்கா, பின்னாடி ஏதாச்சும் துருத்திக்கிட்டு தெரியுதா?"

தெரிந்தது. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், சட்டைக்கு அடியில், கொழுக்கட்டை சைஸில் ஒரு புடைப்பு.

பயந்துவிடாதீர்கள். உள்ளே இருந்தது நீல நிற ப்ளாஸ்டிக் டம்மி. நிஜ ரிவால்வரின் அதே அளவில், தோல் உறை செய்பவர்களுக்கென்றே விற்கிறார்கள். நிஜம் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. லைசென்ஸும் வாங்கி வைத்திருக்கிறான். உறை மட்டும் அவனே கையால் தைத்தது.

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து போன எனக்கு இதெல்லாம் புதுசு. எங்கள் பக்கத்தில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பேச்சு கிரீன் கார்டில் ஆரம்பித்து வீட்டு விலையில் முடியும். அங்கே என்னவோ ஊறுகாய் பற்றிப் பேசுவதுபோல் துப்பாக்கி பற்றிப் பேசுகிறார்கள்!

இவனுக்கு எதற்குத் துப்பாக்கி என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

சோலார் பண்ணைகளைப் போய்ச் சோதித்துப் பார்க்கிற வேலை அவனுக்கு. ஆளரவமே இல்லாத ரோட்டில் மணிக்கணக்கில் தனியாக டிரைவ் பண்ண வேண்டும். போன வருஷம் ஒரு நாள் டயர் பஞ்சர். போனில் சிக்னல் இல்லை. பின்னாலேயே ஒரு பிக்கப் டிரக் வந்து நின்று, தாட்டியான இரண்டு ஆசாமிகள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் டயரை மாற்றிக் கொடுத்து, ஜில்லென்று ஒரு தண்ணீர் பாட்டிலையும் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அவர்கள் இறங்கி இவன் பக்கத்தில் வரும்வரை ஒரு நிமிஷம் ஆயிற்றே... அந்த நிமிஷம் இவனை விட்டுப் போகவே இல்லை. உதவி செய்ய வந்த இரண்டு நல்லவர்களைப் பார்த்துப் பயந்து துப்பாக்கி வாங்கியவன் உலகத்திலேயே என் தம்பி ஒருவனாகத்தான் இருப்பான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் பயம் நிஜம் என்று எனக்கு உறைத்தது.

அவன் மனைவி அபிக்கு வேறு பயம். "மூணு வயசுக் குழந்தை இருக்கிற வீடுக்கா இது. இவர் இடுப்புல துப்பாக்கியோட நடமாடலாமா?"

மாசக்கணக்கில் சண்டை. கடைசியில் அபியே ஒரு பந்தயம் வைத்தாள். அவளுடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது.

"அன்னிக்கு முழுக்க அந்த டம்மியை மறைச்சு வெச்சுக்கோங்க. நான் தொட்டுப் பார்க்க மாட்டேன். கண்ணால பார்த்தே எங்க இருக்குன்னு சொல்லிட்டேன்னா அந்த ரிவால்வர் லாக்கரை விட்டு வெளிய வரக் கூடாது. சொல்ல முடியலைன்னா வேலைக்கு எடுத்துட்டுப் போங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

நான் நடுவர். அதற்காகவே இரண்டு நாள் முன்னால் போயிருந்தேன்.

உறை செய்வது ரசமான வேலைதான். சீரியல் டப்பா அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்து மாட்டுத்தோலை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, டம்மியின் மேல் சுற்றி அழுத்து அழுத்து என்று அழுத்த வேண்டும். காய்ந்தால் அந்த வடிவம் அப்படியே நின்றுவிடும். பிறகு ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து எதிரும் புதிருமாகத் தையல். விசையைத் தோல் முழுசாக மூட வேண்டும் என்பதில் மட்டும் செந்தில் கறாராக இருந்தான். அழுத்துவதற்கு அவன் எடுத்தது சப்பாத்திக் குழவியை. இது அபிக்குத் தெரியாது. இந்தப் பத்தியைப் படித்தால் தெரிந்துவிடும்!

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரியாமல் காரில் உட்காருவது, குனிந்து பெட்டி தூக்குவது — எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது. காலில் விழுவதற்கு இல்லை. ஒரே காலையில் வரிசையாகப் பெரியவர்கள் காலில் விழுகிற தலையெழுத்து எந்த அமெரிக்கனுக்கு இருக்கிறது?

முதல் உறையை வயிற்றுப் பக்கம் வைத்து விழுந்தான். "அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். இரண்டாவதை இடுப்புக்குப் பின்னால் வைத்தான். டம்மி நழுவி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. துடைப்பத்தால் எடுத்தோம். மூன்றாவதை வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைக்கிற மாதிரி, முன்பக்கம் சாய்த்துத் தைத்து, பிடிக்கு மேல் ஒரு வார், அதில் ஒரு டிச் பட்டன். விழுந்தான். புடைப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தான். விழுந்தான். ஒன்றுமே தெரியவில்லை! பட்டு வேட்டியில் உறையை எங்கே மாட்டுவது? வெல்க்ரோ வேட்டி. அடியில் பெல்ட் போட்ட ஷார்ட்ஸ். வெளியே தொளதொளவென்று சில்க் சட்டை.

கல்யாணத்தன்று பையன் அசத்திவிட்டான். மாமனார் மாமியார் காலில் விழுந்தான், சித்தப்பாக்கள் காலில் விழுந்தான், யாரென்றே தெரியாத ஒரு அங்கிள் காலிலும் விழுந்தான். அபியின் பெரியப்பா இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "மாப்ள, கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைத் தேடிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செந்தில் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. "என்ன மேடம், தோல்வியை ஒத்துக்கறீங்களா?"

அபி தோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "வலது இடுப்பு. கொஞ்சம் பின்னாடி."

எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரிஞ்சுது? துருத்திக்கிட்டு இருந்துதா?"

"ஒண்ணுமே தெரியல. உங்க வேலை பிரமாதம். ஆனா பாப்பா நாலு தடவை ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உங்ககிட்ட ஓடி வந்தா. நாலு தடவையும் 'அம்மாகிட்ட போடா கண்ணு'ன்னு அனுப்பிட்டீங்க. எப்பவும் அவளை அந்த இடுப்புலதானே வெச்சுப்பீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நடுவர் என்று பெயர்... காலையிலிருந்து சட்டையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தையைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளே வந்து நின்றாள். "டாடி, அப்!"

அவன் பெல்ட்டைக் கழற்றி, உறையையும் டம்மியையும் மேஜை மேல் வைத்துவிட்டு அவளைத் தூக்கினான். அபி ஜெயித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "உங்க பயம் எனக்குப் புரியாம இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே சிக்னல் இல்லாத இடத்திலும் பேசக்கூடிய சாட்டிலைட் போன் ஒன்றை ஆர்டர் பண்ணிவிட்டாள். உறை லாக்கருக்குள் போய்விட்டது.

அவ்வளவு அருமையாகத் தைத்தான், குறையே சொல்ல முடியாது. ஆனால் இடுப்பில் அந்த இடத்துக்குத்தான் மூன்று வருஷம் முன்பே ஆள் வந்தாயிற்று!