துக்க மாலைக்கு ஒரு வாழ்த்து

என் அண்ணன் தினேஷைக் கடையை விட்டுத் துரத்தியது நான்தான். நான் செய்த தப்பை அவன் தலையில் விழ வைத்தேன். இன்று அவன் உயிரோடு இல்லை.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று இப்போதே சந்தேகமாக இருக்கிறது... சந்தேகம்! அதுதான் என்னைப் பிடித்த வியாதி.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு சின்னப் பூக்கடை. அம்மா போன பிறகு அப்பா, அண்ணன், நான். எனக்குப் படிப்பு ஏறவில்லை. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு மாலை கட்ட உட்கார்ந்தேன். கை மட்டும் வேகம்.

பிறகு காலம் கெட்டது. பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. மண்டபத்தில் நடக்கிற கல்யாணம் கோயிலுக்குச் சுருங்கியது; ஆள் உயர மாலை கேட்டவர்கள் மார்பளவு மாலையோடு நிறுத்தினார்கள். காலையில் கட்டித் தொங்கவிட்ட மாலைகள் சாயங்காலம் குப்பைக்குப் போயின. வாடிய ரோஜாவை அப்பாவே அள்ளிக் கொட்டுவார்.

அண்ணன்தான் வழி தேடினான். பெட்டாலிங் ஜெயாவில் சின்ன வியாபாரிகளுக்கு நடந்த வகுப்பில் சேர்ந்தான். கடைக்கென்று தனி போன் வாங்கினான். மாலைகளைப் படம் பிடித்துப் போட்டான். ஆர்டர் வந்த பிறகுதான் கட்டுவது, மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டு வீட்டுக்கே அனுப்புவது... கிள்ளானிலிருந்துகூட ஆர்டர் வந்தது. குப்பைக்குப் போகும் பூ குறைந்தது.

நான் சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்?

இல்லை. அவன் போனைத் திருப்பிப் பிடித்துச் சிரித்தால், யாரிடம் பேசுகிறான் என்று தோன்றும். வகுப்பென்று போகிறானே, உண்மையில் வகுப்புதானா? அப்பாவின் வாடிக்கைக்காரர்களை எல்லாம் அந்த போனுக்குள் சேர்த்துக்கொண்டு, தனியாகக் கடை போடப் போகிறானோ?

"நீயும் கத்துக்க பாப்பா. ஈஸி லா. பூ கட்டுற கைக்கு இது ஒரு விஷயமா?" என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தான்.

அதையும் சந்தேகப்பட்டேன்! எதற்கு எனக்குச் சொல்லித் தருகிறான்? இந்தக் கடையை என் தலையில் கட்டிவிட்டு ஓடத்தானே?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துக்க மாலை வாங்க வருபவரை "வாங்க" என்று கூப்பிடமாட்டோம். நன்றி சொல்லமாட்டோம். அவரும் "வரேன்" என்று சொல்லாமல் போய்விடுவார். அப்பா மாலையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அண்ணன் அதை மறக்கவில்லை. ஆர்டர் தருபவரிடம் கல்யாணமா, பூஜையா, துக்கமா என்று போனே கேட்கும். சொன்னதற்கு ஏற்ற பதிலைத் தானாகவே அனுப்பும். துக்கத்துக்கு அவன் எழுதி வைத்தது ஒரே வரி: "மாலை நேரத்துக்கு வந்து சேரும்." கல்யாணத்துக்கு வைத்தது வேறு: "வாழ்த்துகள்! நன்றி! உங்கள் வீட்டில் இதுபோல் மீண்டும் மீண்டும் நடக்கட்டும், எங்களையே கூப்பிடுங்கள்!"

ஒரு மதியம் அவன் சாப்பிடப் போயிருந்தான். போன் மேசைமேல் கிடந்தது. கல்யாணப் பதிலை எடுத்துத் துக்கத்தின் இடத்தில் வைத்தேன்.

யாராவது ஒருவர் கூப்பிட்டுத் திட்டுவார், அப்பா இந்த போன் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும்... அவ்வளவுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பிணம் கிடக்கும் என்று நினைக்கவில்லை. நினைக்காமலா இருந்திருப்பேன்? எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். மொட்டைத் தலை. தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த மகன். போனை எங்கள் அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"படிங்க பாஸ். சத்தமாப் படிங்க. எங்கப்பா செத்ததுக்கு வாழ்த்தா? மீண்டும் மீண்டும் நடக்கணுமா? அடுத்தது யாரு லா, எங்கம்மாவா?"

அப்பா கும்பிட்டார். வந்தவர் போன பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கிளாஸ் கிளாஸுன்னு போனியே, இதத்தான் படிச்சியா? சாவு வீட்டுக்கு என்ன பேசணும்னு தெரியாதவன் பூக்கடையில நிக்கக் கூடாது. போயிடு!"

அண்ணன் போனைத் திறந்து பார்த்தான். துக்கத்தின் இடத்தில் இருந்த பதிலைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இது தானா மாறாது பாப்பா."

அவ்வளவுதான் சொன்னான். அதுவும் அப்பாவுக்குக் கேட்காத குரலில். நான் தலை நிமிராமல் பூ கட்டிக்கொண்டிருந்தேன். போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பூச்சோங்கில் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான்.

அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லையா? இல்லை, என்னிடம் சும்மாதான் சொன்னானா?

சில நாள் கழித்து போனில் கூப்பிட்டான்.

"காய்ச்சல் விட மாட்டேங்குது பாப்பா. அப்பாகிட்ட சொல்லேன். வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

என்ன நினைத்தேன் தெரியுமா? நடிக்கிறான்! வீட்டுக்குள் வர வழி தேடுகிறான்! வந்தால் உண்மையையும் சொல்லிவிடுவான்! "மருந்து வாங்கிப் போடு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

டெங்கிக் காய்ச்சல். நண்பன் மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. நாங்கள் போனபோது அவனுக்கு நினைவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அப்பா முதல் நாளே தொட்டுப் பார்த்திருப்பார்... இருந்திருந்தால்!

இன்று கடை நிற்கிறது. அவன் சொல்லித் தந்த வேலையை வைத்துத்தான் நிற்கிறது. மஸ்ஜித் இந்தியா தெருவிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்து, "எப்படிமா செய்றீங்க, எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டார். "எல்லாம் எம்பொண்ணு மூளை லா" என்றார் அப்பா. நான் மறுக்கவில்லை. அப்பாவுக்கு எதுவும் தெரியாதா, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாரா என்று அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அண்ணனின் தலைத்திவசத்துக்கு மாலையை அப்பாவே கட்ட உட்கார்ந்தார். விரல் வளையவில்லை. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தினார்.

"அந்தக் கிள்ளான் விஷயத்துல அவன்மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேன் பாப்பா. இப்ப இல்ல. சின்னப் பையன், தெரியாம செஞ்சுட்டான். மன்னிச்சிட்டேன்."

சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"சரிப்பா" என்றேன்.

அவர் அழுதார். பாதி மாலையை அவர் மடியிலிருந்து எடுத்து, மீதியை நான் கட்டினேன்.