தேவகனி டீச்சர் வரைந்த லாரி

தேவகனி டீச்சர் வரைந்த மாட்டைப் பார்த்தால் மாட்டுக்கே கோபம் வரும். ஆனாலும் காது கேளாத பிள்ளைகளுக்கு அந்தப் படங்களை விட்டால் வேறு வாத்தியார் கிடையாது. சாயர்புரத்தில் அப்பாவின் பலசரக்குக் கடையில் மிஞ்சும் அட்டைப்பெட்டிகளை வெட்டி, படம் போட்டு, கீழே சொல்லை எழுதி, பஸ் ஏறி எங்கள் வேம்பாருக்கு வருவாள். சிறப்பாசிரியை என்று பெயர். நாளுக்கொரு ஊர்ப் பள்ளிக்கூடம். எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமை. நான் அங்கே இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன்.

என் வகுப்புச் சந்தனச்செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய அப்பா செல்லப்பாண்டி உப்பு லாரி ஓட்டுகிறவர். அதனால் ‘போ’ என்ற சொல்லுக்கு அவர் லாரியில் ஏறிப் போவதையே தேவகனி வரைந்தாள். அட்டையின் பின்பக்கத்தில் அவர் திரும்பி வருவதையும் வரைந்தாள்.

“ஏளா, அதுக்குத் தனி அட்டை போட்டா என்ன?” என்றேன்.

“போகுதத மட்டும் போட்டா விளங்குமாக்கா? நம்ம வீட்ல யாராவது போறேன்னு சொல்லுவமா? போயிட்டு வாரேன்னுதான சொல்லுதோம்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. தினமும் காலையில் வீட்டில் அந்த அட்டையின் இரண்டு பக்கத்தையும் காட்டித்தான் பிள்ளை அப்பாவை வழியனுப்புவாள்.

ஆடி மாதம் துறைமுகம் போகிற வழியில் லாரி கவிழ்ந்து செல்லப்பாண்டி இறந்துபோனார். பிள்ளை பயந்துவிடுவாள் என்று, உடல் வருமுன்பே அவளை ஆத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களின் புத்திசாலித்தனம்! எல்லாம் முடிந்து அழைத்து வந்தபோது, அம்மா செல்லத்தாய் அந்த அட்டையைக் காட்டி, அப்பா போய்விட்டார் என்றாள். பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கடற்கரைச் சாலைக்கு ஓடினாள்.

அதுமுதல் பள்ளி விட்டதும் சாலையோரம்தான். எந்த உப்பு லாரி வந்தாலும் நடுரோட்டுக்குப் பாய்வாள். ஹாரன் அடித்து என்ன பயன்? ஒருநாள் மயிரிழையில் தப்பினாள். ஒரு வியாழக்கிழமை செல்லத்தாய் பள்ளிக்கே வந்து தேவகனியின் முன்னால் நின்றாள்.

“டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். நான் அழுதாக்கூட அட்டையத் திருப்பிக் காட்டி எங்கண்ணத் தொடைக்கா. இவளயும் ரோட்டுல பறிகுடுத்துருவேன் போலருக்கு.”

தேவகனி புது அட்டைகளை எடுத்தாள். உட்கார்ந்து வரைந்தாள். கவிழ்ந்த லாரி. கண் மூடிக் கிடக்கும் அப்பா. நாலு பேர் தூக்கிப் போவது. நெருப்பு. படங்கள் எப்போதையும்விடக் கோணலாக வந்தன; இந்த முறை நான் கேலி செய்யவில்லை.

பிள்ளை ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் எதிலும் ஒன்றுமில்லை. நெருப்பின்மேல் விரலை வைத்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் ஆமாம் என்று தலையசைத்தாள். பிள்ளை போட்ட அலறலில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் அழுதார்கள்.

அழுது ஓய்ந்ததும் டீச்சரின் அட்டைகள் இருந்த பெட்டியைக் கிளறி ‘அம்மா’ அட்டையை எடுத்தாள். அதை நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மறுபடி டீச்சரைப் பார்த்தாள்.

தேவகனி இல்லையென்று தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை நம்பவில்லை. ஓடிப்போய் அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இப்போது சாலைக்குப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக்கும் வருவதில்லை. உப்பளத்து வேலைக்குப் போகிற அம்மாவின் பின்னாலேயே போகிறாள். வியாழக்கிழமைதோறும் தேவகனி புதுப்படங்களோடு அந்த வீட்டுக்குப் போகிறாள். அவளைக் கண்டதும் பிள்ளை கண்களை இறுக மூடிக்கொள்கிறாள்.