ரஞ்சிதக்கா தேடிய கொசுப்புழு

எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையில் ரஞ்சிதக்கா வருகிறாள் என்றால் முதலில் வாளி கவிழும் சத்தம் கேட்கும், அப்புறம்தான் ஆள் தெரிவாள். பூச்சட்டித் தட்டு, நாய் குடிக்கும் கிண்ணம், மழையில் வெளியே கிடந்த பூட்ஸ் என்று எதில் ஒரு வாய்த் தண்ணீர் நின்றாலும் யாரையும் கேட்காமல் கொட்டிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் வாசலில் புளி ஊறப்போட்டிருந்த சட்டியையும் கொட்டினாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அதை அவள் கவனிக்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தேயிலை நாற்றுப் பண்ணையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. பையில் மண் நிரப்பி, குச்சி நட்டு, தண்ணீர் தெளிப்போம். அவள் டீ குடிக்கக்கூட உட்கார மாட்டாள். நின்றபடியே ஊதிக் குடித்துக்கொண்டு அடுத்த வரிசையை எட்டிப் பார்ப்பாள். முன்பு இப்படி இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பு அவள் வீட்டுக்காரர் சுப்பன் அண்ணன், மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு கல்யாண வேலைக்குப் போனவர், காய்ச்சலோடு மலையேறி வந்தார். மலையில் ஏது கொசு, சாதாரணக் காய்ச்சல்தான் என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். டெங்கி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆறாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை ஒரு மீன் வந்தது. அவள் தங்கை வசுமதி ஈப்போவில் தனியாக இருக்கிறாள். இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் வளர்த்த சண்டை மீனைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்து அக்கா கொண்டுவந்தாள். விரல் நீளம்கூட இருக்காது, நீல வால். "நான் திரும்பி வர்ற வரைக்கும் பாத்துக்கக்கா" என்று வசுமதி சொல்லியிருந்தாள். திரும்பி வர்ற வரைக்கும் என்ற அந்தப் பேச்சு அக்காவைப் பிடித்துக்கொண்டது. மீன் இருந்தால் தங்கை வருவாள். மீன் போனால் என்ன என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மீன் சாப்பிடவில்லை. ஜாடியின் அடியில் ஒண்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. டப்பாவில் வந்த தீனியைப் போட்டாள், சோற்றுப் பருக்கை போட்டாள், அவித்த முட்டையின் மஞ்சளை உதிர்த்துப் போட்டாள். எல்லாம் ஊறித் தண்ணீர் கலங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியாதே. காலையும் மாலையும் ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி, மலைக் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரை நிரப்புவாள். கண்ணாடியைத் தட்டுவாள், முகத்தை ஒட்டவைத்துப் பார்ப்பாள்.

"தின்னு லா, ஒரு வாய்தான்" என்று மீனைக் கெஞ்சுவாள்.

"அதக் கொஞ்சம் சும்மா விடுக்கா" என்றேன்.

"சும்மா விட்டாத்தான் எல்லாம் போயிருது" என்றாள்.

தினமும் மாலை ஆறு மணிக்கு வசுமதி போன் செய்வாள். முதல் கேள்வியே மீன் சாப்பிடுகிறதா என்பதுதான். "நல்லா சாப்பிடுதுடி, இப்பக்கூட சாப்பிட்டுச்சு" என்று இவள் லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். போனை வைத்ததும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நான்கு நாளும் இதே கதை. நேற்று ஆபரேஷனுக்கு நாள் சொல்லிவிட்டார்கள். வியாழன் காலை எட்டு மணி.

நேற்று வேலை முடிந்ததும் தானா ராத்தா டவுனுக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஹரிதாஸ் என்பவர் மீன் கடை வைத்திருக்கிறார், வளர்க்கிற மீன். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தண்ணிய எப்ப எப்ப மாத்துறீங்க?" என்றார்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

ஹரிதாஸ் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது ஈப்போ சூட்டுல இருந்த மீனு. இங்க வந்த பயத்துலயும் குளுருலயும் கெடக்கு, நீங்க மேல மேல பச்சத் தண்ணிய ஊத்துறீங்க. தண்ணியத் தொடாதீங்க. ஜாடியச் சுத்தித் துணி கட்டி அடுப்புப் பக்கமா வைங்க. நீங்க அது கண்ணுல படாதீங்க."

"திங்கறதுக்கு?"

"உசுரோட நெளியறதக் கண்டா வாயத் தெறக்கும். ஜெந்திக் போடுங்க."

ஜெந்திக் என்றால் கொசுப்புழு. அக்காவின் முகம் சுண்டிப்போனது. கடையில் கிடைக்காதா என்று மெல்லக் கேட்டாள். "அத யாருக்கா விப்பாங்க? உங்க லயத்துல ரெண்டு வாளியப் பாருங்க, போதும்" என்று அவர் சிரித்தார். அக்கா வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றி ஜாடியைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீரை மாற்றிவிடுவோமோ என்று பயந்து வெளியே வந்து நின்றாள்.

இன்று வேலை முடிந்ததும் தேடப் புறப்பட்டாள். கையில் ஒரு டின். அவள் தலையைக் கண்டதும் லயமே பரபரத்தது. செல்லம் ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்தாள். புனிதன் பழைய லோரி டயரை உருட்டித் தண்ணீரை வடித்தான்.

"கொட்டிட்டேங்கா, கொட்டிட்டேன்" என்றாள் செல்லம்.

"யாருடி உன்னைக் கொட்டச் சொன்னது?"

"எட்டு வருசமா நீங்கதான."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோயில் பின்புறம், நாற்றுப் பண்ணைத் தொட்டி, பழைய ஸ்டோர் என்று சுற்றிவிட்டு அவள் என் வாசலில் வந்து நின்றாள். டின் காலியாக இருந்தது. "ஒண்ணுகூட இல்ல குமுதா. எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன். அவளுக்கு நாளைக்கு ஆபரேசன்" என்றாள். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அப்புறம் என்ன செய்வது, சொல்லித்தானே ஆக வேண்டும். என் வீட்டுப் பின்னால், வெந்நீர் அடுப்புச் சுவரை ஒட்டி, தகரத்துக்குக் கீழே ஒரு பெயிண்ட் டின் இருக்கிறது. மணி பிளாண்ட் வேர் விடப் போட்ட தண்ணீர். புளிச் சட்டியைக் கொட்டினாளே, அந்த வீம்பில் அவள் கண்ணில் படாமல் வைத்தது. இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தகரத்தை நகர்த்தினேன்.

உள்ளே நெளிந்தது, ஒன்றல்ல, ஒரு கூட்டம். அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு எதுல போனாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்கா."

வெட்கத்தில் எனக்கு அழுகை முட்டியது. இரண்டு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள், "டீ வடிகட்டிய எடுத்துட்டு வா" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போனதும் ஜாடியின் சுவெட்டரைக் கொஞ்சம் விலக்கி ஒரு புழுவை விட்டாள். பிறகு, மீன் தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று அடுப்படிச் சுவரோடு தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்து எட்டு வருடம் இருக்கும். மீன் நெடுநேரம் அசையவில்லை. பிறகு தலை மட்டும் திரும்பியது. ஒரு வெட்டு. புழுவைக் காணவில்லை. இரண்டாவதும் போனது. என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

ஆறு மணிக்குப் போன் வந்தது. "சாப்பிடுதாக்கா?"

"சாப்பிட்டுச்சு வசு. ரெண்டு சாப்பிட்டுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள், அழுதாள்.

"அப்ப இத்தன நாளா சாப்பிடலையா?"

"இல்லடி."

"தெரியும். நீ கத்திச் சொன்னா அது பொய்யி" என்றாள் வசுமதி. "இன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன். நாளைக்கும் போடுக்கா."

போனை வைத்ததும் நான் எழுந்து என் வீட்டுப் பின்பக்கம் போனேன். அந்த டின்னை இனி ஒரு நிமிடமும் வைத்திருக்க எனக்கு மனமில்லை. நான் தூக்கும்போதே அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். டின்னை வாங்கிக் கீழே வைத்தாள். சுப்பன் அண்ணனின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்து, ஒரு கொசுகூட வெளியே வராதபடி வாயை இறுக்கிக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள்.

"வசு வர்ற வரைக்கும் இதக் கொட்டாத" என்றாள்.