மார்ட்டினுக்கு ஒரு பூசை

மாம்புரியில் றோசமேரி அக்காவைக் கருவாட்டு வாடியில் மீன் காயவைக்கிறவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு விமர்சகர் என்பது அவருடைய மகன் றொபிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் குடும்பம் வரும். தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், ஒரு நாய். இருபத்திரண்டு வருடமாக வருகிறது. றொபி நாலாம் ஆண்டு படித்தபோது அந்த வீட்டு மூத்த பையனும் நாலாம் ஆண்டுதான். றொபிக்கு இப்போது முன்தலை வழுக்கை. பையன் இன்னும் நாலாம் ஆண்டைத் தாண்டவில்லை.

அக்காவுக்கு அதில் குறை கிடையாது. அவருடைய குறை வேறு.

"முந்தி தாய்க்காரி கோவிச்சா ஒரு காரணம் இருக்கும், மாஸ்டர். கறி கருகியிருக்கும், இல்லாட்டி மனுசன் பொய் சொல்லியிருப்பான். இப்ப ஏன் கோவிக்கிறாள் எண்டு அவளுக்கே தெரியாது. போன கிழமை குடும்பத்தோட சந்திரனுக்குப் போயிட்டுதுகள். வீட்டுக்குள்ள கதை முடிஞ்சவன்தான் சந்திரனுக்குப் போவான்."

நான் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிறவன். செத்தவர்களுக்குப் பூசை கொடுக்க வருகிறவர்களிடம் பெயரையும் இறந்த திகதியையும் கேட்டு எழுதிப் பங்குச் சுவாமியிடம் கொடுப்பதும் என் தலையில் விழுந்த வேலைதான். பூசையில் பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள்.

ஒன்பது வருடமாக நான் எழுத முடியாமல் இருந்த பெயர் ஒன்று உண்டு. அக்காவின் கணவர் அன்ரனிப்பிள்ளை. கடலுக்குப் போனார், வரவில்லை. படகு மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு நவம்பரும் ஆத்துமாக்களின் மாதத்தில் நான் போய்க் கேட்பேன்.

"உடம்பக் கண்டனீங்களா?" என்பார் அக்கா.

"இல்ல அக்கா."

"அப்ப பேர் எழுதாதீங்க."

றொபி கெஞ்சிப் பார்த்தான். தகப்பனுக்கு ஒரு பூசைகூட இல்லையே என்று அவன் அழுததை நான் கண்டிருக்கிறேன். அக்கா அசையவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்தான். பிள்ளையின் மனதைக் கொஞ்சம் பார்க்கக்கூடாதா?

இந்த நவம்பரில் நான் போவதற்கு முன்பே, ஒரு ஞாயிறு காலை அவராகவே கோயிலுக்கு வந்தார். அன்ரனிப்பிள்ளையின் பெயர்தான் என்று பேனையை எடுத்தேன்.

"ஒரு பேர் எழுதுங்க. மார்ட்டின். நேத்துத்தான் செத்தவர்."

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மார்ட்டின் உண்டு. சொந்தக்காரர் யாரோ என்று எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைப் பூசையில் பெயர் வாசிக்கப்பட்டது. கோயில் முழுக்க அக்கா ஒருவர்தான் எழுந்து நின்றார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. அன்று மத்தியானத்துக்குள் தலவில ஊர் வரைக்கும் கதை போய்விட்டது: றோசமேரிக்கு யாரப்பா அந்த மார்ட்டின்?

நான் றொபியைப் பிடித்தேன்.

"அது கார்ட்டூனில பக்கத்து வீட்டுக்காரன், மாஸ்டர்," என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டே.

சுவாமியின் வாயால் ஒரு கார்ட்டூனுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்க வைத்திருக்கிறேன். நேரே வாடிக்குப் போனேன்.

"படம் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா, கருவாட்டைப் புரட்டியபடி. "ஆனா அவர் நல்லாச் செத்தார், மாஸ்டர். பத்து வருசத்துக்குப் பிறகு ஒரு ஒழுங்கான கதை. பெண்சாதி அந்தாளின்ட சப்பாத்தைத் துடைச்சு வெளியில வைக்கிறாள். ஒரு சொல் இல்ல. எழுதினவன் ஆரையோ பறிகுடுத்தவன். அப்பிடிச் செத்த ஆளுக்குப் பூசை இல்லாமல் விடுறதா?"

சுவாமியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அதற்கடுத்த காலை பூசை முடிந்ததும் அக்கா விறுவிறு என்று வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மார்ட்டின் வந்திட்டான்!"

"எங்க?"

"அவங்கட குசினிக்குள்ள. கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். செத்தவன்! எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்குதுகள். ஒருத்தர் கேக்கேல்ல, ஏன் வந்தாய், எப்பிடி வந்தாய் எண்டு. மற்றவை கிடக்கட்டும், பெண்சாதி கேக்கேல்ல மாஸ்டர்! சப்பாத்தைத் துடைச்சு வச்சவள்!"

"கார்ட்டூன்தானே, அக்கா."

"கார்ட்டூன் எண்டா? போன மனுசன் வந்து வாசல்ல நிண்டா, ஒருத்தி அவனைச் சும்மா உள்ள விடுவாளா? எங்கயடா இருந்தனீ எண்டு சேட்டுக் கொலரைப் பிடிச்சுக் கேக்கமாட்டாளா? பிள்ளை மூண்டு மாசம் சாப்பிடாமல் கிடந்தது தெரியுமா எண்டு கேக்கமாட்டாளா? ஒன்பது வருசமா நான் ஒவ்வொண்டா யோசிச்சு வச்சிருக்கிறன், இதைக் கேக்கவேணும், இதைக் கேக்கவேணும் எண்டு…"

அங்கே நின்றுவிட்டார். மார்ட்டின் போய் ஒன்பது வருடம் ஆகவில்லை, ஒரு வாரம்தான் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அக்கா வாங்கில் உட்கார்ந்தார்.

"செத்தவை இப்பிடி வாறதில்ல, என்ன மாஸ்டர்?"

"இல்ல, அக்கா."

"அப்ப எழுதுங்க."

அன்ரனிப்பிள்ளை என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் திகதி போடவேண்டும்.

"என்ன திகதி போட, அக்கா?"

அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"அவர் கடலுக்குப் போன அண்டைக்கே போடுங்க," என்றார். "எனக்கு அண்டைக்கே தெரியும்."