பதினான்கு காலண்டர் தாள்கள்

தணிக்கைக்குப் போன இடத்தில் ஜனகராஜ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். மதுரை முனிச்சாலையில் இருந்த வீட்டிலிருந்து காலையில் கிளம்பும்போதே அம்மா கனகலட்சுமி கட்டிக்கொடுத்த புளியோதரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் ஏறிவிடும். பி.காம். படித்து, போட்டித் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன், ஒரு டீக்கா விலை போவான் என்பது அவன் நினைப்பு. நல்ல நினைப்புதான். ஆனால் அதை நாலு பேர் பார்க்கும்படி சுமந்துகொண்டு திரிந்தான் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

1993-ல் மதுரைக்கு வடக்கே ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஆண்டுத் தணிக்கை. ஜனகராஜுக்கு அதுதான் முதல் வேலை. அங்கே சரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேச்சிமுத்து, ஐம்பதைத் தாண்டிய மனிதர். முந்தின மழையில் கிணறுகளெல்லாம் கலங்கி ஊர் ஊராக வயிற்றுப்போக்கு பரவியபோது, அறுபத்திரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரை டிராக்டரில் ஏற்றிப் பதினான்கு ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் இருப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் தாள்களைக் கிழித்துக்கொண்டு போய், பின்பக்கத்தில் ஊருக்கு ஒருவரிடம் கைநாட்டு வாங்கி வந்திருந்தார்.

ஜனகராஜுக்குச் சந்தேகம் வந்தது நியாயம். ஒரு சாயங்காலம் சைக்கிளை வாங்கிக்கொண்டு இரண்டு ஊர்களுக்குப் போய் விசாரித்தான். மூட்டை வந்தது, கிணற்றில் போட்டது, மிச்சத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்தது என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த ஆள் சுத்தம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவனாலும் பின்னாளில் மறக்க முடியவில்லை.

கடைசி நாள், தணிக்கைக் குழுவின் தலைவர் அனந்தராமன் அவன் எழுதியதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மூணே மூணு பத்திதானா? இந்த அறிக்கை மேல போனா என்ன நினைப்பா? பையனை நன்னா கவனிச்சு அனுப்பியிருக்கான்னுதான் நினைப்பா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் குறைந்த அறிக்கை என்றால் எழுதியவன் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். ஜனகராஜ் மறுபடி பேனாவைத் திறந்தான். இத்தனை நாள் புளியோதரை சுமந்தது எதற்கு? நாலாவது பத்தியை எழுதினான்: 'அறுபத்திரண்டு மூட்டைகள் வழங்கியதற்குப் பதிவேட்டில் உரிய ஒப்புகை இல்லை. மதிப்பைச் சரக்குப் பொறுப்பாளரிடம் வசூலிக்க வேண்டும்.' இதைத்தான் தணிக்கைத் தடை என்பார்கள்.

கிளம்பும்போது பேச்சிமுத்துவிடம், "பயப்படாதீங்கண்ணே, சும்மா ஒரு பத்திதான். அந்தக் காலண்டர் சீட்டுகளை வச்சுப் பதில் அனுப்புங்க, நீக்கிருவோம்" என்றான்.

"நீங்க சொன்னாச் சரி சார்" என்றார் அவர்.

சீட்டுகள் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? ஜனகராஜ் ஒப்பிட்டுப் பார்க்க வாங்கியவன், தன் குறிப்பேட்டோடு சேர்த்து நாடாவால் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். வேண்டுமென்று செய்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து, சிவகங்கைக்கு மாறுதலாகிப் பெட்டி அடுக்கும்போதுதான் காலண்டர் தாள்கள் பொத்தென்று விழுந்தன. அன்றைக்கே கொடுத்திருக்கலாம். அலுவலக ஆவணத்தை வீட்டில் வைத்திருந்தது ஏன் என்று கேள்வி வரும், பதவி உயர்வு நிற்கும். யாரும்தான் கேட்கவில்லையே என்று திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினான். அப்புறம் யார் 'நேர்மையான ஆபீசர்' என்று அவனைப் புகழ்ந்தாலும் அந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும், கூசும்.

2002-ல், மதுரைக்குத் திரும்பி வந்து, ஒரு குழுவுக்கே தலைவனாக, அதே ஒன்றியத்துக்குப் போனான். பேச்சிமுத்து ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு தடையால் அவருக்குப் பணிக்கொடை வரவில்லை, முழு ஓய்வூதியமும் வரவில்லை. ஜனகராஜ் அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் சட்டைக்குள் சீட்டுகளை வைத்துக்கொண்டு போய், ஆவண அறையில் ஒரு பழைய கட்டுக்குள் செருகினான். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கட்டைக் கேட்டு வாங்கி, எல்லார் முன்னிலும் 'கண்டெடுத்தான்'. தடை நீங்கியது. கெட்டிக்காரன்தான், பழி யாருக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் பேச்சிமுத்து அவனைத் தேடி மதுரை அலுவலகத்துக்கே வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அழகர்கோவில் தோசை சார். சாமி பிரசாதம், இதையாச்சும் வேண்டாம்னு சொல்லிராதீக."

ஜனகராஜ் ஒரு விள்ளல் வாயில் போட்டான். பேச்சிமுத்துவின் கண் கலங்கியிருந்தது.

"சந்தோசம்தான் சார். ஆனா மனசு ஆறல. எங்க ஆபீஸ்ல மொக்கையன்னு ஒரு பியூன் இருந்தான். நீங்க போன அன்னைக்கு நீங்க உக்காந்திருந்த மேசையைக் கூட்டிக் குப்பையைக் கொளுத்துனது அவந்தான். சீட்டை அவன்தான் எரிச்சுட்டான்னு நான் ஆபீஸ் பூராச் சொன்னேன். இல்லண்ணே, இல்லண்ணேன்னு சத்தியம் பண்ணுனான். எட்டு வருசம் அவன் மொகத்துல முழிக்கல. போன வருசம் செத்துப்போனான், கேதத்துக்குக்கூட நான் போகல. இப்பப் பாத்தா கட்டுக்குள்ளயே இருந்திருக்கு. நானே வச்சுட்டு நானே மறந்து, ஒரு அப்பாவியை…"

ஜனகராஜ் தோசையை இலையிலேயே வைத்துவிட்டான். தணிக்கைக்காரன் கைக்குப் போன தாள் தொலையும் என்று அந்த மனிதருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்காத ஆள் அல்லவா இவன்! பேசாமல் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் இனி பேச்சிமுத்து சாகும் வரை தன்னையே திட்டிக்கொள்வார்.

"அண்ணே, நீங்க மறக்கல" என்றான். "சீட்டு எங்கிட்டத்தான் இருந்துச்சு. தெரிஞ்சே ஏழு வருசம் வச்சிருந்தேன். நீங்க ஒரு தப்பும் பண்ணலேன்னு தெரிஞ்சுதான் அந்தப் பத்தியையும் எழுதுனேன்."

பேச்சிமுத்து அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? வாங்க."

அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஜனகராஜ் பின்னாலேயே போனான். பஸ்ஸில் பேச்சிமுத்து தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார்.

ஓட்டு வீடு. மொக்கையனின் மனைவி இருளாயி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக வராத மனிதர் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இருளாயி, அந்தச் சீட்டை ஒம் புருசன் எரிக்கல" என்றார் பேச்சிமுத்து.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள் அவள். "அப்ப யாரு தொலைச்சது?"

பேச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. ஜனகராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான்.

"நான்தான்க்கா" என்றான்.